கடிபடாத புற்று

எறும்புகள் கண்ணை நம்பி நடப்பதில்லை, வாசனையை நம்பித்தான் நடக்கும். பக்கத்துப் புற்றுச் செவ்வெறும்புகள் கறுப்பெறும்புகளின் வாசனையைப் போலவே ஒன்றைச் செய்து, அவை போகும் வழியில் வட்டமாகத் தடவிவிட்டன. கறுப்பெறும்புகள் முன்னால் போகிறவளை நம்பி அந்த வட்டத்திலேயே சுற்றிச் சுற்றிச் செத்து விழுந்தன.

தப்பித்த ஒருத்தி, குளத்தங்கரையில் நியாயம் சொல்லும் ஆமையிடம் ஓடினாள்.

"ஐயா, எங்க புற்றையே அழிச்சிட்டாங்க. திருப்பி அடிக்க அனுமதி கொடுங்க."

"உங்களை யாராவது கடிச்சாங்களா?"

"இல்லீங்க. வாசனையை மாத்திட்டாங்க."

"கடிபட்டவங்கதான் திருப்பிக் கடிக்கலாம். அதுதான் சட்டம்."

விசாரணைக்கு வந்திருந்த செவ்வெறும்பு ஒருத்தி, அந்த வட்டத்து மண்ணில் கொஞ்சத்தை ஆமையின் முன்னால் வைத்துக் குறுக்கே பேசினாள். "மோந்து பாருங்க ஐயா, அது அவங்க வாசனைதான்."

ஆமை மோந்து பார்த்தது. "ஆமா, உங்க வாசனைதாம்மா."

"அப்போ நாங்க என்னதான் செய்யலாம்?"

"கண்டனம் தெரிவிக்கலாம். அதையும் அளவோட தெரிவிக்கணும்."

கறுப்பெறும்பு புற்றுக்குத் திரும்பினாள். பிணக்குவியலில் தன் அக்காவைத் தேடி எடுத்தாள். வெகுநேரம் பக்கத்திலேயே நின்றாள். பிறகு அக்காவின் காலைக் கடித்துத் துண்டாக்கி, உடலை ஆமையின் முன்னால் இழுத்துவந்து போட்டாள்.

"இதோ ஐயா, காயம்."

ஆமை முதல் தடவையாகக் கழுத்தை முழுசாக வெளியே நீட்டிப் பார்த்தது.

"இது உன் வாய் பட்ட கடி. ஆதாரம் தெளிவா இருக்கு," என்றது. பிறகு செவ்வெறும்பைப் பார்த்துச் சொன்னது:

"இவளைப் பிடிச்சுக் கட்டும்மா."