ஐம்பதா, நானூறா?

"கறுப்பு வெள்ளை ஃபிலிம்னா சும்மா எடுத்து நீட்டிட முடியாதும்மா. யாரைப் படம் எடுக்கப் போறீங்க?"

கேட்டுக்கொண்டே ஃபிலிம் கடைக்காரர் கண்ணாடி மேஜை மேல் இரண்டு டப்பாக்களை வைத்தார். ஃபிலிமின் வேகம் ஒன்றில் ஐம்பது என்றும் மற்றதில் நானூறு என்றும் போட்டிருந்தது. ஆள் பார்த்து ஃபிலிம் தருவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பது ஊரறிந்த விஷயம். ஊருக்குச் சொன்னவரும் அவர்தான்.

"என் பொண்ணைத்தான் அண்ணே. ஆறு வயசு."

"ஆறா? கால்ல சக்கரம் கட்டிக்கிட்டு ஓடுற வயசாச்சே! கண்ணை மூடிக்கிட்டு நானூறை எடுங்க. ஓடினாலும் பிடிச்சிடும். என்ன, படம் கொஞ்சம் பொரிப்பொரியாத் தெரியும்."

"அந்த ஐம்பது?"

"அது பட்டு மாதிரி. கண்ணிமை முடியை எண்ணலாம். ஆனா ஆள் அசையக் கூடாது. அசைஞ்சா படம் கலங்கிடும்."

"அவ அசைய மாட்டா. ஐம்பதே குடுங்க."

"அவ்வளவு சொல்பேச்சு கேக்குற பிள்ளையா? எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கே, வால் ஒண்ணுதான் குறைச்சல். குடுத்து வச்சவங்க நீங்க!"

அவள் டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து, கழுவிய படங்களை வாங்க வந்தாள். கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"மன்னிச்சிடுங்கம்மா. ஜன்னலோரம் தலையணையில சாஞ்சிருக்கிற முதல் ஆறு படமும் கண்ணுல ஒத்திக்கலாம். ஏழாவதுலேருந்து மிச்சம் முப்பதும் கலங்கிப் போச்சு. நான் நானூறைத்தான் குடுத்திருக்கணும். வேற ரோல் தர்றேன், மறுபடி எடுத்துடுங்க."

"மறுபடி எடுக்க முடியாது அண்ணே."

அவருக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷப் பேரும் ஒரே ரோலில் போயிற்று என்று நினைத்துக்கொண்டார். அவள் கலங்கிய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதிலும் முகம் தெளிவாக இல்லை, கவுன் புகையாக இழுத்துக்கொண்டு போயிருந்தது. அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

"இதுலயே ரொம்பக் கலங்கினது எதுவோ, அதைப் பெரிசாப் போட்டுக் குடுங்க. சுவத்துல மாட்டணும்."

"தெரியாம நடந்துடுச்சு, குத்திக் காட்டாதீங்கம்மா."

"ஐயோ, இல்லண்ணே! உங்களைக் கையெடுத்துக் கும்பிடணும். ஓடுற வயசுன்னு சொன்னீங்களே, உங்க வாய் முகூர்த்தம் பலிச்சிடுச்சு. ரெண்டு வருஷமாக் கட்டிலே கதின்னு கிடந்தவ, ஏழாவது படத்துலதான் தானா எழுந்து என்னைப் பார்த்து நடந்து வந்தா. இனிமே எங்களுக்கு நானூறையே குடுங்க."