பிள்ளையார் காலடியில் அனுமதி அட்டை

விடிந்ததும் கெலிஓயாப் பிள்ளையார் கோயிலில் நால்வர் நிற்கிறோம்: ராஜரத்தினம், அவர் மனைவி பாப்பம்மா, இன்று சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் மகள் யோகேஸ்வரி, இரவு வேலை முடிந்து வரும் வழியில் நின்றுவிட்ட நான். மகளின் பேனாவையும் அனுமதி அட்டையையும் சாமி காலடியில் வைத்து எடுக்கலாம் என்று நேற்று ராஜரத்தினம்தான் ஐயரிடம் கொடுத்தார். ஐயர் அவற்றை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அட்டை இல்லாமல் பரீட்சை மண்டபத்துக்குள் விடமாட்டார்கள். "பேனாவ மட்டும் குடுத்தா பத்தாதா? அட்டைய பார்த்துத்தான் பிள்ளையாருக்கு நம்ம புள்ளைய தெரியணுமா?" என்று பாப்பம்மா பொரிகிறாள். ராஜரத்தினம் குனிந்து, மகளின் வெள்ளைச் சப்பாத்தில் ஒட்டிய சேற்றைத் தன் சாரத்தின் நுனியால் துடைக்கிறார். "விடுங்கம்மா, அப்பா அழுதுருவாரு," என்கிறாள் அவள். தகவல் கேட்டு அவசரமாக ஆட்டோவில் வந்து இறங்கும் ஐயர் இன்னும் குளிக்கவில்லை. குளிக்காமல் உள்ளே போகவும் மாட்டார். குழாயடியில் நிறைந்திருந்த வாளியை அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டு, டிசம்பர் குளிரில் பல் கிடுகிடுக்க, ஈர வேட்டியோடு கதவைத் திறக்கிறார். பேனாவோடு சேர்ந்து அட்டை குங்குமம் அப்பிய நிலையில் வெளியே வருகிறது. பாப்பம்மா அதை ஊதி ஊதி, முந்தானையால் ஒற்றி மகளிடம் கொடுக்கிறாள். ராஜரத்தினம் மட்டும் சன்னிதியைப் பார்த்துக் கைகூப்பிக் கண்ணை மூடுகிறார். "சாமி எங்கயும் போகாது. நீங்க புள்ளையோட ஆட்டோவில ஏறுங்க," என்று சொல்லிவிட்டு, ஐயர் வெளியே வந்து தனக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டுகிறார்.