இருவாச்சி இருக்கும் இடம்

"நேத்துலேர்ந்து ஆண் பறவை வரவே இல்ல ஹம்சினி. மரத்தடியில ஒரே கேமரா கூட்டம்."

மலையிலிருந்து சுஹாஸ் பேசினான். அங்கே பாறை மேல் ஏறி நின்றால்தான் சிக்னல். அவனுக்கு மூச்சு வாங்கியது.

காய்ச்சலுக்காக ஊருக்கு வந்திருந்த ஹம்சினி, மயிலாப்பூர் வீட்டு பால்கனியில் போர்வையும் தானுமாக நின்றிருந்தாள்.

பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் போய் வாசலைத் தானே பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழைய ஒரு பிளவு மட்டும் விடும். உள்ளே இறகையும் உதிர்த்துவிடும். நினைத்தாலும் பறக்க முடியாது. ஆண் பழம் கொண்டுவந்து ஊட்டினால்தான் தாய்க்கும் குஞ்சுக்கும் சாப்பாடு.

கீழே ஆள் தெரிந்தால் அது கிட்டவே வராது.

அதனால் சுஹாஸின் குழு தள்ளியே மறைந்திருக்கும். ஆண் போன பிறகு, கீழே விழுந்த விதைகளைப் பொறுக்கிக் கன்றாக்கி, மொட்டையாகிப்போன சரிவுகளில் நடும். அந்த வேலைக்காகத்தான் ஹம்சினி வங்கி உத்தியோகத்தை உதறினாள். அந்தப் பக்கத்தில் கூடு வைக்க மிஞ்சியிருந்த பெரிய மரம் அது ஒன்றுதான்.

"மரம் எங்க இருக்குன்னு நம்ம டீமுக்கு மட்டும்தான் தெரியும். யார் வெளிய விட்டிருந்தாலும் சரி, இனிமே அவங்க மலை ஏற வேணாம்."

"நான் இல்ல சுஹாஸ். சத்தியமா."

"உன்ன யாரு சொன்னா?" என்று வைத்துவிட்டான்.

வாசல் கதவு திறந்தது. காலை நடை முடித்து அப்பா அனந்தராமன் வந்தார். வாயெல்லாம் பல்.

யார் கேட்டாலும், "பொண்ணு வெளியூர்ல ப்ராஜெக்ட்ல இருக்கா" என்று பூசி மெழுகுகிறவர். காட்டில் கன்று நடுகிறாள் என்று சொல்ல அவருக்கு நாக்கு கூசும். காட்டைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. எங்கே உட்கார்ந்தாலும் லொகேஷன் அனுப்ப வேண்டும். அனுப்பத் தவறினால் அன்றைக்கு அம்மா பாடு திண்டாட்டம்.

"ஹம்சி, பார்க்ல இன்னிக்கு உன் பேச்சுதான்!" என்றார். "நீ அனுப்பின பட்சி வீடியோவ அன்னிக்கு எல்லாருக்கும் காமிச்சேனா, ஸ்ரீனிவாசராகவன் நம்பவே மாட்டேன்னுட்டார். இங்கதான் ஓய் எம்பொண்ணு ஒக்காந்துண்டிருக்கான்னு நீ அனுப்பின லொகேஷனையே அவருக்குப் போட்டேன். மனுஷன் கேமரா கோஷ்டியோட கார் எடுத்துண்டு கிளம்பிட்டார். நேத்திக்குப் போய்ச் சேந்தாச்சாம்!"

ஹம்சினிக்குக் கோபம் தொண்டை வரை வந்தது. கத்தியிருப்பாள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துவிட்டாள். எத்தனையோ நாள் அவள் ஏங்கிய பெருமை அதில் இருந்தது. இப்போதுதானா வந்து தொலைய வேண்டும் என்றிருந்தது.

"அப்பா, அவா எல்லாரையும் உடனே கீழ இறங்கச் சொல்லுப்பா. பட்சி பயப்படறது."

"அதுக்கென்ன, சொல்லிட்டாப் போச்சு." போட்டுப் பார்த்தார். லைன் கிடைக்கவில்லை. "படம் பிடிச்சுண்டு தானா வந்துடுவாம்மா, கவலப்படாதே" என்று சட்டையைக் கழற்றப் போனார்.

அவள் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு சுஹாஸைக் கூப்பிட்டாள். நல்லவேளை, இன்னும் பாறை மேல்தான் இருந்தான்.

"அந்தக் கூட்டத்துல ஸ்ரீனிவாசராகவன்னு ஒருத்தர் இருப்பார். மயிலாப்பூர்லேர்ந்து ஹம்சினி சொன்னான்னு சொல்லி எல்லாரையும் இறக்கு. வெளிய விட்டது நான்தான் சுஹாஸ். அந்த லொகேஷன் என் ஃபோன்லேர்ந்துதான் போச்சு."

அப்பாவைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை.

"சரி" என்றான் அவன். அவ்வளவுதான்.

பொந்துக்குள் இருப்பது இந்நேரம் பிளவு வழியாக அலகை நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். நினைக்க நினைக்க அவளுக்கு அழுகை வந்தது. போர்வை நுனியால் துடைத்துக்கொண்டாள்.

கதவு மெல்லத் திறந்தது. அப்பா. இரண்டாம் காப்பியை அவளுக்காக ஆற்றிக்கொண்டே வந்து நின்றார். சொல்ல வந்ததைச் சொல்லக் கொஞ்சம் கூச்சப்பட்டார்.

"மறுபடி எப்போ கிளம்பறே? இந்தத் தடவ நானும் வரேண்டி. எங்கையால நாலு கன்னு நட்டுட்டு வரேன். எனக்கும் சேத்து டிக்கெட் போட்டுடு."

ஹம்சினி ஃபோனைப் பார்த்தாள். மலைக் குழுவின் வாட்ஸப்பிலிருந்து சுஹாஸ் அவளை நீக்கியிருந்தான்.

"போட்டுடறேம்ப்பா" என்று காப்பியை வாங்கிக்கொண்டாள்.