எட்டாம் எண் வில்லை

காலை ஆறு மணிக்கு எழுகிறேன். காப்பி போடுகிறேன். சிலிண்டர்களில் காற்று நிரப்பிவிட்டு, படகுத்துறையில் உள்ள வில்லைப் பலகையைத் துடைக்கிறேன். முக்குளிக்க இறங்குபவர் தன் எண் போட்ட பித்தளை வில்லையை எடுத்துப் போகவேண்டும். கரையேறியதும் ஆணியில் திரும்ப மாட்டவேண்டும். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கடலில்.

குராசோ தீவிலிருந்து பக்கத்துத் தீவான பொனேருக்குப் பத்து நாள் விடுமுறையில் வந்தோம். என் மனைவி சுலைனிக்கு ஏழாம் எண், எனக்கு எட்டு. மூன்று மாதமாக இரண்டு ஆணிகளும் காலி. அவள் உடல் கிடைக்கவில்லை. நான் ஊர் திரும்பாமல் இங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டேன்.

இன்று எட்டாம் ஆணியில் என் வில்லை தொங்கியது.

"ஒருவழியா கரையேறிட்டியா, தம்பி? மூணு மாசமா மூச்சப் பிடிச்சிட்டு இருந்தியே," என்று சிரித்தார் படகுக்காரர் ரிக்னால்ட். வில்லையிலிருந்து நீர் சொட்டுவதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"நீ மாட்டலையா?"

"இல்ல."

ஏழாம் ஆணியையும் துடைத்தேன். இரண்டாவது கோப்பையிலும் காப்பி ஊற்றினேன்.

அவள் காணாமல் போன அன்று படகுத்துறை ஏணிவரை சேர்ந்தேதான் வந்தோம். தவறி விழுந்த விளக்கை எடுக்க மறுபடி இறங்கும் முன், அவள் என் வில்லையையும் வாங்கிக்கொண்டாள்.

"நீ மேல போய் காப்பி போடு, செல்லம். ரெண்டையும் நானே வந்து மாட்டுறேன்."