டாஷ்போர்டு அம்மன்

“பேட்டரி புதுசு, அதுல ஒண்ணுமில்லைங்கறேன்...”

“அப்ப ஏங்க, டாக்டர்கிட்ட கிளம்புற அன்னைக்கா பார்த்து கார் படுத்துக்குது?”

“உன் ராசி.”

கோமதிநாயகமும் செண்பகமும் விட்டபாடில்லை. மெக்கானிக் ஜெபராஜ் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தான். பேட்டரியில் மாட்டிய மீட்டரின் முள் இறங்கவில்லை; எங்கோ கரண்ட் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் டாஷ்போர்டில் ஒட்டியிருந்த அம்மன் சிலைக்குப் பின்னால் ஓர் ஒயர் கிடைத்தது. வண்டியைக் கிளப்ப முடியாத அந்த பேட்டரியிலும் அம்மன் காலடியில் சிறு பல்பு மங்கலாக எரிந்தது.

“இதான் சார் குடிக்குது. நேரா பேட்டரியில கொடுத்திருக்கு.”

“நான்தான் கொடுக்கச் சொன்னேன்,” என்றாள் செண்பகம். “இவருக்கு நெஞ்சைத் திறந்த அன்னைக்கு. முழுசா தேறுற வரைக்கும் அணைய விடமாட்டேன்னு வேண்டுதல்.”

“கிறுக்கச்சி. பிடுங்கு தம்பி, நேரமாச்சு.”

ஜெபராஜ் கையை எடுத்துக்கொண்டான்.

“அந்தத் தம்பியை ஏன் சொல்றீங்க? உங்க கையாலயே பிடுங்குங்க.”