குச்சிப் பரீட்சை

“விடாதே, பிடி! உயிரோட பிடிக்கணும், நசுக்கிடாதே!” என்று கத்தினாள் மிசாவோ.

சாப்பாட்டு மேசையில் உருண்டு ஓடிக்கொண்டிருந்தது ஒரு கறுப்புச் சோயா பீன். சோறு சாப்பிடும் இரண்டு குச்சிகளோடு அதைத் துரத்திக்கொண்டிருந்தவள் அவள் மகள் சுமிரே. மூன்று வயது முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

ஜப்பானின் கனசாவா நகரில் பேர்போன ஒரு மழலையர் பள்ளியில் இடம் கிடைப்பது லேசில்லை. பன்னிரண்டு இடத்துக்கு நூற்று நாற்பது விண்ணப்பம். நேர்காணலில் குழந்தை சோயாவைக் குச்சியால் ஒவ்வொன்றாக எடுத்து வேறு பாத்திரத்தில் போட வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லியிருந்தாள்.

அன்றே மிசாவோ சட்டம் போட்டாள். வீட்டில் யாரும் எதையும் கையால் எடுக்கக் கூடாது. டிவி ரிமோட், காலுறை, சோப்பு எல்லாமே குச்சியால்தான். அப்பா தகெஹிகோ மூக்குக்கண்ணாடியைக் குச்சியால் மாட்டப்போய்க் கண்ணைக் குத்திக்கொண்டான்.

“ஏன்டீ, பள்ளிக்கூடத்துல சேரப்போறது நானா?”

“நம்மளப் பார்த்துத்தாங்க குழந்தை கத்துக்கும். கண்ணைத் துடைங்க. ஐயோ, கையால இல்ல!”

சுமிரே குச்சியைக் கடித்தாள், முடியில் செருகிக்கொண்டாள், அதை வைத்து அப்பாவின் மண்டையில் மேளம் அடித்தாள். ஆறாவது வாரம் திடீரென்று ஒரு சோயாவைப் பூப்போலத் தூக்கி, தூங்கிக்கொண்டிருந்த அப்பாவின் காதில் போட்டாள். மிசாவோ ஆனந்தத்தில் அழுதாள். சோயாவை வெளியே எடுக்க மருத்துவரிடம் போக வேண்டியிருந்தது.

நேர்காணல் அன்று மூவரும் கருநீல உடையில் போனார்கள். இவர்கள் முறை வரும்போது மணி பன்னிரண்டரை. “உட்காருங்க, இதோ வந்துடறேன்” என்று தலைமையாசிரியை போனைக் காதில் வைத்தபடி வெளியே போனார்.

மேசைமேல் ஒரு சின்னப் பெட்டி. மூலையில் நாலு பருக்கை சோறு ஒட்டியிருக்க, மீதி இடம் முழுக்கக் கறுப்புச் சோயா. பக்கத்தில் ஒரு ஜோடிக் குச்சியும் முக்கால் கோப்பைத் தேநீரும்.

சுமிரேவுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. நாற்காலியில் ஏறி நின்று குச்சியை எடுத்தாள். முதல் சோயா தேநீரில் ‘டுபுக்’ என்று விழுந்தது.

“டீக்குள்ள போடறதா? புதுசா இருக்கே” என்று கிசுகிசுத்தான் தகெஹிகோ.

“பெரிய பள்ளிக்கூடம்ங்க, கஷ்டமாத்தான் வைப்பாங்க. நம்மள தனியா விட்டுட்டுப் போனாங்களே, அதுவும் பரீட்சைதான். வாயைத் திறக்காதீங்க.”

பத்து, இருபது, முப்பத்தொன்று. ஒன்றுகூடக் கீழே விழவில்லை. பெட்டி காலியானபோது கோப்பை நிரம்பித் தேநீர் மேசையெங்கும் வழிந்தது. மிசாவோ கணவனின் கையை நெரித்துவிடுவதுபோலப் பிடித்திருந்தாள்.

திரும்பினால், வாசலில் தலைமையாசிரியை. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ! கணவனும் மனைவியும் அவசரமாக எழுந்து இடுப்பு வளையக் குனிந்தார்கள்.

“எங்க பொண்ணு எப்படிப் பண்ணினா, மேடம்?” என்று கேட்டாள் மிசாவோ.

அவர் கோப்பையைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

“பரீட்சை பக்கத்து ரூம்ல, கட்டை அடுக்கறது. இது என்னோட மத்தியானச் சாப்பாடு.”