நேரம் குறித்தாயிற்று

அன்று அச்சக அலுவலகத்தில் இருந்தவர்கள்: அச்சக முதலாளி, அவர் மனைவி, அவருடைய அக்கா, கல்யாணத்துக்கு நிற்கும் மகள். கணினித் திரையில் இருந்தவர்கள்: கப்பலில் கேப்டனாக இருந்து ஓய்வுபெற்றவர், அவர் மனைவி, மாப்பிள்ளை.

வேறு யாரும் இல்லை. இருந்ததாகச் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

இரண்டு பக்கமும் சம்மதம் சொல்லியாயிற்று. மண்டபம் முடிவாயிற்று. அழைப்பிதழில் யார் பெயர் முதலில் என்ற இடத்தில் வந்து வண்டி நின்றது.

முதலாளி முதுகை நிமிர்த்தினார். "ஊர்ல பாதிப் பேருக்குப் பத்திரிகை அடிச்சுக் குடுக்கிறவன் நான். என் பொண்ணு பத்திரிகையில என் பேரு ரெண்டாவதா?"

"கப்பல்ல என் பேருக்கு மேல கொடி மட்டும்தான் சார் பறக்கும்," என்றார் கேப்டன்.

முதலாளியின் நாக்கு நுனிக்கு ஒரு சொல் வந்து நின்றது. கல்யாணத்தையே நிறுத்திவிடக்கூடிய சொல்.

திரை நீலமாயிற்று.

'புதுப்பிக்கப்படுகிறது. கணினியை அணைக்காதீர்கள்.'

நடுவில் புள்ளிகள் செக்குமாடு போலச் சுற்றின.

"என்னம்மா இது?"

"அப்டேட்பா. தினமும் நீங்க 'பிறகு', 'பிறகு'ன்னு அமுக்கித் தள்ளிட்டே இருந்தீங்க. அதான் நானே நேரம் குறிச்சு வச்சேன்." அச்சகத்துக் கணினிகளையெல்லாம் பார்த்துக்கொள்பவள் அவள்தான்.

"நல்லா குறிச்சே போ, நேரம்."

முன்னறையில் இருந்த கணினிகளும் ஒன்றன்பின் ஒன்றாக நீலமாயின.

"தம்பி, அங்க என்ன நினைப்பாங்க?" என்றாள் அக்கா. "பேச்சுக்கு நடுவுல மூஞ்சியில அடிச்ச மாதிரி நீ துண்டிச்சுட்டேன்னு நினைக்க மாட்டாங்க?"

முதலாளிக்குச் சுருக்கென்றது. பெயர் பின்னால் போவது வேறு. பேச்சின் நடுவில் எழுந்து போனவன் என்று பெயர் எடுப்பது வேறு. அவர் குடும்பத்தில் அப்படி ஒருவர் பிறந்ததில்லை.

மனைவி கைபேசியை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. சொல்ல வேண்டியதை முகம் பார்த்துச் சொல்வதுதான் மரியாதை.

திரையில் சதவீதம் நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. நாக்கு நுனியில் நின்ற சொல்லை டீயோடு சேர்த்து விழுங்கினார். அதன் இடத்தில் வேறொரு சொல்லை வைத்து, வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். மனைவியிடம்கூட அவர் சொல்லியறியாத சொல்.

திரை திரும்பி வந்தது. கேப்டனும் வந்தார்.

"மன்னிக்கணும்," என்றார்கள் இருவரும், ஒரே மூச்சில்.

பிறகு புதிய சண்டை தொடங்கியது.

"உங்க பேரே முதல்ல இருக்கட்டும் சம்பந்தி."

"அதெப்படி? உங்க அச்சகம், உங்க மை. உங்க பேருதான்."

அது இன்னும் முடியவில்லை. அழைப்பிதழ் அச்சேறாமல் காத்திருக்கிறது. அக்கா அன்று தலையில் அடித்துக்கொண்டாள். மகள் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரைக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளையும் ஏதோ ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளி கோபத்தில் வயரைப் பிடுங்கிவிட்டார் என்று உறவுக்குள் ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. வயரை யாரும் தொடவில்லை. கேப்டன் வீட்டுக் கணினியும் அதே நிமிடம்தான் நீலமாயிற்று. அந்த வீட்டில் அதற்கு நேரம் குறிப்பவர் மாப்பிள்ளை.